உயில் எழுதியவர் போன பின் கடனை யாரிடம் கேட்பது?

2025 டிசம்பரில் பழைய சட்டங்களைக் களையும் மசோதா ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பெரும்பாலோர் கவனிக்காமல் விட்ட அந்தப் பட்டியலில், 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவும் இருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் உயில் வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி. இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள், பார்சிகள் ஆகியோர் இந்த நகரங்களில் எழுதிய உயில்களையும், இங்குள்ள வீடு, மனை பற்றிய உயில்களையும் நீதிமன்றம் மெய்ப்பித்து 'புரோபேட்' கொடுத்தால்தான், அவற்றை வைத்து வழக்காட முடியும் என்ற கட்டாயம் அதோடு ஒழிந்தது.

அந்தக் கட்டாயம் எப்படி வந்தது என்று தேடினால் 1870-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வந்த இந்து உயில்கள் சட்டம், அன்றைய வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதியிலும் சென்னை, மும்பை நகரங்களிலும் எழுதப்படும் உயில்களை மட்டும் தனியாகப் பிரித்தது. பிரிட்டிஷ் நிர்வாகத்தின் வசதிக்காகப் போட்ட அந்தக் கோடு, சுதந்திர இந்தியாவிலும் அழியாமல் 155 ஆண்டுகள் நின்றது. சென்னையில் எழுதிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் (நேரடியாக வழக்கு விசாரிக்கும் பிரிவில்) மனுப்போட வேண்டியிருந்தது; திருச்சிக்காரர் திருச்சி வீட்டைப் பற்றித் திருச்சியில் எழுதிய உயிலுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. முஸ்லிம்களுக்கு என்றுமே கட்டாயமில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்குக் கிடைத்தது. இப்படி ஒரு சட்டம் இருக்க நியாயம் இல்லை. அதை எடுத்தது சரியே.

ஆனால் இந்த மாற்றத்தைப் பற்றி எழுந்த பேச்செல்லாம் சொத்து பெறுகிறவர்களைச் சுற்றியே நடந்தது. உயில் எழுதியவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர் கண் மூடியதும் இந்த இரு தரப்பும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கும்: இனி அவருக்காகப் பேசுகிறவர் யார்? அவர் கையில் இருக்கும் சொத்து எவ்வளவு? புரோபேட் என்ற ஏற்பாடு, எத்தனை குறைகள் இருந்தாலும், இந்த இரண்டுக்கும் நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு பதிலை வைத்திருந்தது. அந்தப் பதிவேடு இல்லாத இடத்தில், கடன் வழக்குகளின் நடைமுறை விதிகள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இப்போதுள்ள விதிகளால் அது முடியாது.

கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு ஜவுளி வியாபாரி. 2024 மார்ச்சில் சென்னைக்கு வந்து, கேட்டவுடன் திருப்பித் தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 9 லட்சம் ரூபாய் வாங்குகிறார். 2025 ஆகஸ்டில் இறந்துபோகிறார். உயிலில் இரண்டு பேரை 'எக்ஸிகியூட்டர்', அதாவது உயிலை நிறைவேற்றுகிறவர்களாக, நியமித்திருக்கிறார்: கோவையில் இருக்கும் மைத்துனர், துபாயில் இருக்கும் மருமகன். கடன் கொடுத்தவர் எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது?

இறந்தவரின் ஊர் மதுரை. கடையும் வீடும் அங்கேதான். எனவே மதுரையில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு கேட்பது வேறு: பிரதிவாதி எங்கே குடியிருக்கிறார் அல்லது தொழில் செய்கிறார், வழக்குக்கான காரணம் முழுதாகவோ பகுதியாகவோ எங்கே எழுந்தது. இங்கே பிரதிவாதி, இந்தியாவில் இருக்கும் மைத்துனர். அவர் ஊர் கோவை. நோட்டு எழுதப்பட்டதும் பணம் கைமாறியதும் சென்னை. ஆக, கோவையிலோ சென்னையிலோ போடலாம். மதுரை என்பது இறந்தவர் வாழ்ந்த ஊர் என்பதாலேயே அங்குள்ள நீதிமன்றத்துக்கு இந்த வழக்கு போய்விடாது. புரோபேட் மனுவுக்குத்தான் அந்த அளவுகோல்: இறந்தவரின் நிலையான குடியிருப்போ சொத்தோ எங்கே என்று பார்ப்பது. உயில் மனுவுக்கு ஓர் ஊர், கடன் வழக்குக்கு வேறோர் ஊர் என்று ஆவது அதனால்தான்.

தொகை பெரிதாக இருந்து, சென்னையில் உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடுக்கே போக வேண்டிய வழக்கு என்றால் இன்னொரு படி இருக்கிறது. அங்கே 20-வது பிரிவு செல்லாது. 1865-ம் ஆண்டு லெட்டர்ஸ் பேட்டன்ட் என்ற அரச சாசனத்தின் 12-வது கூறுதான் செல்லும். அதன்படி, வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி மட்டுமே நகர எல்லைக்குள் எழுந்திருந்தால் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். பாதிப் பரிவர்த்தனை வெளியூரில் நடந்த கடன்களில் இந்த அனுமதி வாங்க மறந்தால், வழக்கின் அஸ்திவாரமே ஆட்டம் காணும்.

இருந்தாலும், ஊர் தப்பினால் பிழைக்க வழி உண்டு. எல்லை பற்றிய ஆட்சேபத்தைப் பிரதிவாதி ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டும். வழக்கு முடிந்த பின் மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்பினால் 21-வது பிரிவு தடுக்கும். தவறான ஊரில் போட்ட பிராதை (வழக்குரையை) அந்த நீதிமன்றமே திருப்பிக் கொடுக்கும். நல்லெண்ணத்தோடு அங்கே செலவழித்த காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவு கழித்துக்கொள்ளும். ஆள் தப்பினால் கதை வேறு. கடன்காரர் இறந்தது தெரியாமல் அவர் பெயரிலேயே வழக்குப் போட்டால், அது பிறக்கும்போதே செத்த வழக்கு. நடுவில் இறப்பவருக்குப் பதிலாக 90 நாளுக்குள் வாரிசைச் சேர்க்க வழி செய்யும் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 22, முன்பே இறந்தவருக்குப் பொருந்தாது. புதிதாக ஆளைச் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை சேர்த்த நாளில்தான் வழக்குத் தொடங்கியது என்பார்கள். நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று நீதிபதியை நம்ப வைத்தால் மட்டும் பழைய தேதி கிடைக்கும்.

இதற்குள் மூன்று ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்குக் காலம் நோட்டின் தேதியிலிருந்தே ஓடும். ஓடத் தொடங்கிய காலம், கடன் வாங்கியவர் இறந்ததற்காக நிற்காது. நம் கற்பனை வழக்கில் 2027 மார்ச்சில் கதவு மூடிவிடும். உயிலில் யாரை நியமித்திருக்கிறார், அவர் பொறுப்பை ஏற்றாரா, மறுத்தாரா என்று துப்புத் துலக்கக் கடன் கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது ஒன்றரை ஆண்டு.

ஆள் கிடைத்தாலும் பிராதில் அவரை எப்படி எழுதுவது என்பதில் அடுத்த சிக்கல். ஒரே மனிதர், சட்டத்தின் கண்ணில் இரண்டு பேர். ஒருவர் மைத்துனர், தன் வீடு, தன் சம்பளம் உள்ளவர். இன்னொருவர் இறந்தவரின் சொத்துக்குப் பொறுப்பாளர். பிராதின் தலைப்பில் பெயர், தகப்பனார் பெயர், முகவரியோடு நிறுத்திவிட்டால் வழக்கு முதலாமவர் மேல் பாய்கிறது. 'காலஞ்சென்ற இன்னாரின் உயில் நிறைவேற்றுநர் என்ற முறையில்' என்ற ஒரு வரி சேர்ந்தால்தான் இரண்டாமவர் வழக்குக்குள் வருகிறார். ஆணை 2, விதி 5 இந்த இருவரையும் கலக்கக் கூடாது என்கிறது: நிறைவேற்றுநர் என்ற முறையில் உள்ள கோரிக்கையை அவர் தனிப்பட்ட கணக்கோடு ஒரே வழக்கில் சேர்க்க முடியாது. தனிப்பட்ட கோரிக்கையும் அந்தச் சொத்தைத் தொட்டே எழுந்தது என்றால் விலக்கு உண்டு.

நிறைவேற்றுநரே வாதியாக வந்து இறந்தவருக்கு வரவேண்டிய கடனைக் கேட்டால் ஆணை 7, விதி 4 குறுக்கே நிற்கும். தனக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறது என்று சொன்னால் போதாது. வழக்குப் போடுவதற்குத் தேவையான நடவடிக்கைகளை எடுத்துவிட்டேன் என்பதையும் பிராதிலேயே காட்ட வேண்டும். சென்னையில் இதுவரை அதற்குச் சுலபமான விடை இருந்தது: 'புரோபேட் பெற்றுள்ளேன்.' இனி அங்கே எதை எழுதுவது? உயில் தேதி, சாட்சிகள், பதிவு எண் எழுதினால் போதுமா? பொறுப்பை ஏற்றதற்கு என்ன அடையாளம்? விதி எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லப்போகிறது.

ஆணை 31, விதி 2 இன்னும் வேடிக்கை. நிறைவேற்றுநர்கள் பலர் இருந்தால் எல்லோரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். விலக்கு இரண்டு பேருக்கு: இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கும், உயிலை மெய்ப்பிக்காதவருக்கும். துபாய் மருமகனை விட்டுவிடலாம், சரி. ஆனால் உயிலை மெய்ப்பிப்பதே கட்டாயம் இல்லை என்று ஆன பிறகு, 'மெய்ப்பிக்காதவர்' என்ற விலக்குக்குள் யார்தான் வரமாட்டார்? கோவை மைத்துனரும் அந்த வரியைக் காட்டி ஆட்சேபம் எழுப்பலாம். அந்த வாதம் கடைசியில் தோற்கலாம். தோற்பதற்குள் பல வாய்தா போய்விடும்.

வழக்கை எழுதும் முறையே கடனை விழுங்கிவிடும் என்பதற்குச் சரித்திரத்தில் சான்று உண்டு. இந்தியா இந்த விதிகளைப் பெற்றது இங்கிலாந்திடமிருந்து. அங்கே நடுக்காலத்தில், முத்திரையிட்ட பத்திரம் இல்லாமல் வாய்ப்பேச்சில் வாங்கிய கடனுக்கு வழக்குப் போட்டால், பிரதிவாதி தானும் பதினொரு பேரும் சத்தியம் செய்து தப்பிக்கலாம். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் அவருக்குப் பதிலாக நிறைவேற்றுநர் சத்தியம் செய்ய முடியாது. செத்தவரின் மனசாட்சி இவருக்கு எப்படித் தெரியும்? எனவே அந்தக் கடனுக்கு நிறைவேற்றுநர் மீது அந்த வகை வழக்கே கிடையாது என்று முடிவு கட்டினார்கள். பத்திரம் இல்லாமல் கொடுத்த பணம் மயானத்தோடு போயிற்று. 1611-ல் பின்ச்சன் வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பு, வாக்குறுதியை மீறியதற்கான வேறு வகை வழக்கை நிறைவேற்றுநர் மீதும் போடலாம் என்று வழி திறந்தது. அந்தச் சத்திய முறையை இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒழித்தது 1833-ல்தான். கடன் உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் படிவத்தில் கேட்டார்கள் என்பதுதான் முடிவு செய்தது.

இங்கே தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் கிடைத்துவிடாது. நிறைவேற்றுநர் மீது வரும் டிக்ரி அவர் பாக்கெட்டைத் தொடாது. இறந்தவரின் சொத்தில் அவர் கைக்கு வந்து, முறையாகச் செலவாகாமல் மீந்திருக்கும் அளவுக்கே செல்லும். நடைமுறைச் சட்டத்தின் 50, 52-வது பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. கைக்கு வந்ததை முறையாகத்தான் செலவழித்தேன் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தியாகக் காட்டத் தவறினால்தான், அந்த அளவுக்கு அவர் சொந்தச் சொத்து ஜப்திக்கு வரும்.

அப்பா பட்ட கடன் பிள்ளை தலையில் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. சட்டம் அதை விட்டு விலகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2005 செப்டம்பரில் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவு, அதற்குப் பின் பட்ட கடனுக்குத் தர்மக் கடமை என்ற ஒரே காரணத்தை வைத்து மகன், பேரன் மீது பாய முடியாது என்கிறது. அப்பாவின் சொத்து கைக்கு வந்திருந்தால் அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. இது தெரியாத குடும்பங்களிடம் வசூல் ஆட்கள் கையாளும் தந்திரம் ஒன்று உண்டு: பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து, 'பழைய நோட்டை மாற்றிக்கொள்வோம்' என்று புதிய புரோநோட்டில் கையெழுத்துக் கேட்பது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 29-வது பிரிவு இங்கே கத்தி போன்றது. இறந்தவரின் சட்டப் பிரதிநிதி ஒரு நோட்டிலோ காசோலையிலோ கையெழுத்திட்டால், 'கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்' என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், அவரே சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்வார். அப்பா விட்டுப்போன சொத்து ஒரு லட்சமாக இருந்தாலும் ஒன்பது லட்சத்துக்கும் இவர்தான் ஆள்.

மறுபக்கம், இறந்தவருக்கு வரவேண்டிய பணம். இங்கே இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214-வது பிரிவு காவல் நிற்கிறது. 213 போனாலும் இது போகவில்லை. வாரிசு முறையில் உரிமை கோருகிறவருக்குச் சாதகமாக, இறந்தவரின் கடன்காரர் மீது எந்த நீதிமன்றமும் டிக்ரி கொடுக்கக் கூடாது: புரோபேட், நிர்வாக உரிமைச் சான்று, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று போன்ற ஏதாவது ஒன்று கையில் இருந்தாலொழிய. மதமோ ஊரோ பார்க்காத விதி இது. விவசாய நிலத்தின் குத்தகை பாக்கிக்கு மட்டும் விலக்கு. கடன்காரர் ஒருவருக்குக் கொடுத்துத் தீர்த்த பின் இன்னொரு வாரிசு வந்து கழுத்தைப் பிடிக்காமல் இருக்க இந்தக் காவல் தேவைதான்.

தமிழ்நாட்டில் இதில் இடறி விழுவது தாலுகா அலுவலகச் சான்றில். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வசூல் வழக்குக்கு வருகிறார்கள். அந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும் நிர்வாக ஆவணம். பட்டா மாற்றத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் உதவும். 214 கேட்பது அதை அல்ல. நீதிமன்றத்தில் மனுப்போட்டு, அறிவிப்பு வெளியிட்டு, எந்தெந்தக் கடனுக்கு என்று பட்டியல் போட்டு வாங்கும் சான்றைக் கேட்கிறது. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், பலன் வேறு. ஆறுதலுக்கு ஒன்று: 214 தடுப்பது டிக்ரியைத்தான், வழக்குத் தாக்கலை அல்ல. கெடு முடிவதற்குள் வழக்கைப் போட்டுவிட்டு, தீர்ப்புக்கு முன் சான்றைக் கொண்டுவரலாம். சான்று வரட்டும் என்று காத்திருந்து மூன்று ஆண்டைத் தவறவிடும் நிறைவேற்றுநருக்கு 369-வது பிரிவு காத்திருக்கிறது: வசூலிக்கத் தவறியதால் சொத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும். கெடு போக விட்டுக் கடனை இழந்தவரையே அந்தப் பிரிவு உதாரணமாகக் காட்டுகிறது.

இனி ஓட்டை எங்கே என்று பார்க்கலாம். புரோபேட் பெற்ற நிறைவேற்றுநர் ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அதே இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-வது பிரிவு. கடன் கொடுத்தவருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் இல்லை. ஆனால் அந்தக் கெடு ஓடத் தொடங்குவது புரோபேட் கொடுத்த நாளிலிருந்து. புரோபேட் இல்லையேல் பட்டியலும் இல்லை, கணக்கும் இல்லை. சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதும் இத்தனை காலமும் இப்படித்தான் இருந்தது. இப்போது சென்னையும் சேர்ந்துகொண்டது.

இதன் விளைவைக் கணக்கில் பார்க்கலாம். ஜவுளி வியாபாரி விட்டுப்போனது, ஈமச் செலவும் நீதிமன்றச் செலவும் போக, 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று மாதச் சம்பளம் நிற்கும் வேலையாட்களுக்கு 322-வது பிரிவு முன்னுரிமை தருகிறது; அதையும் கழித்தாகிவிட்டது. மீதிக் கடன் 20 லட்சம்: சென்னைக்காரருக்கு 9, ஒரு மொத்த வியாபாரிக்கு 5, கோவை மைத்துனர் தானே கொடுத்திருந்தது 6. சட்டப்படி யாருக்கும் முந்துரிமை இல்லை. நிறைவேற்றுநர் தன் கடனையும் சேர்த்து எல்லாவற்றையும் விகிதப்படி தீர்க்க வேண்டும் என்று 323-வது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கிலாந்தில் நிறைவேற்றுநர் தன் கடனை முதலில் எடுத்துக்கொள்ளும் பழைய உரிமை 1971 வரை இருந்தது. இந்தியச் சட்டம் அதை நெடுங்காலம் முன்பே மறுத்துவிட்டது. ஆக ரூபாய்க்கு ஐம்பது காசு: சென்னைக்காரருக்கு நாலரை லட்சம், மொத்த வியாபாரிக்கு இரண்டரை, மைத்துனருக்கு மூன்று.

மைத்துனர் தன் 6 லட்சத்தை முழுசாக எடுத்துக்கொண்டால்? மீந்த நாலு லட்சத்துக்குப் பதினாலு லட்சம் கடன் அடித்துக்கொள்ளும். சென்னைக்காரருக்கு வருவது இரண்டரை லட்சத்துக்கும் சற்றே அதிகம். இது தவறு என்று 368-வது பிரிவின்படி நிறைவேற்றுநரை மடக்கலாம். உயில்படி சொத்தை வாங்கிப்போனவரிடமே திருப்பிக் கேட்கவும் 361-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால் மொத்தச் சொத்து எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால்தானே மடக்க முடியும்? தெரிந்துகொள்ள உள்ள வழி, சொத்து நிர்வாக வழக்கு என்ற தனி வழக்குப் போட்டு நீதிமன்றத்தின் மூலம் கணக்குக் கேட்பது. ஒன்பது லட்சத்துக்காக ஏற்கெனவே ஒரு வழக்கு நடத்துகிறவரை இரண்டாவதற்கு அனுப்பும் ஏற்பாடு இது.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? இங்கிலாந்தில் புரோபேட் கிடைத்த உயில் பொதுப் பதிவேட்டுக்கு வந்துவிடும். கட்டணம் செலுத்தி யாரும் நகல் எடுக்கலாம். 1925-ம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின்படி நிறைவேற்றுநர் லண்டன் கெசட்டில் அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் காத்திருந்து, வந்த கோரிக்கைகளைத் தீர்த்துவிட்டுப் பங்கு பிரித்தால் பின்னால் வருகிறவர்களிடமிருந்து அவருக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவில் 1988-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோயாளி இறந்துவிட்டார், மருத்துவமனை பில் பாக்கி. பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு இரண்டு மாதம் முடிந்துவிட்டது, இனி கேட்க முடியாது என்றது சொத்துத் தரப்பு. யாருக்குக் கடன் பாக்கி என்று தெரிந்தோ, சற்று முயன்றால் தெரிந்துகொள்ளக்கூடியதாகவோ இருக்கும்போது பத்திரிகை விளம்பரம் மட்டும் போதாது, நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு நாடுகளிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே: சொத்து யார் கையில் என்பதைக் கடன் கொடுத்தவர் தேடிப் போக வேண்டியதில்லை; கையில் வைத்திருப்பவர் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் அறிவிப்பு கொடுத்துப் பங்கு பிரிக்கும் நிறைவேற்றுநருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 360-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

213-ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கடன் வழக்கின் முதல் கட்டத்திலேயே மூன்று மாற்றங்கள் போதும். ஒன்று, நிறைவேற்றுநராகவோ வாரிசாகவோ வழக்குக்கு வருகிறவர், வாதியானாலும் பிரதிவாதியானாலும், தன் முதல் மனுவோடு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும்: உயில் உண்டா, எந்தத் தேதி, பொறுப்பை ஏற்றேனா, கைக்கு வந்த சொத்து என்ன, இதுவரை யாருக்கு என்ன கொடுத்தேன். இரண்டு, ஆணை 31-ல் 'உயிலை மெய்ப்பிக்காத' என்ற விலக்கை 'பொறுப்பை ஏற்காத' என்று மாற்றி, ஏற்காததை எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும். மூன்று, ஆணை 7, விதி 4-ல் புரோபேட் இல்லாத உயிலுக்கு எவை 'தேவையான நடவடிக்கைகள்' என்று வரையறுக்க வேண்டும்.

துக்க வீட்டுக்காரரிடம் கணக்குக் கேட்பது கொடுமை, சம்பளமில்லாமல் உதவ வருகிற மாமனும் மச்சானும் இனி அந்தப் பொறுப்பையே ஏற்கமாட்டார்கள் என்று ஆட்சேபம் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நடைமுறைச் சட்டத்தின் 52-வது பிரிவு இதே கணக்கை ஏற்கெனவே கேட்கிறது. டிக்ரி ஆகி, நிறைவேற்று மனுவில், பல ஆண்டு கழித்துக் கேட்கிறது. அதற்குள் ரசீதுகள் தொலைந்திருக்கும், கடைச் சரக்கு யார் கைக்கோ போயிருக்கும், உதவ வந்தவரின் சொந்த வீடு ஜப்திப் பட்டியலில் ஏறியிருக்கும். ஆரம்பத்திலேயே இரண்டு பக்கத்தில் கணக்கைக் கொடுத்தவருக்கு அதுவே கவசம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அவகாசம் வேண்டுமானால், அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 90 நாள் என்று கொடுக்கலாம். வழக்கு நடக்கும்போது கட்சிக்காரர் இறந்தால் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் கடமையை 1976 திருத்தம் வழக்கறிஞர்கள் மேல் ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதே போக்கில் இன்னும் ஒரு படிதான் இது.

இதற்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. நடைமுறைச் சட்டத்தின் 122-வது பிரிவு, முதல் அட்டவணையில் உள்ள ஆணைகளையும் விதிகளையும் தம் எல்லைக்குள் திருத்தும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கே கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த அதிகாரத்தைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறது. ஆணைகளின் புத்தகத்தில் விதிக்கு விதி 'சென்னைத் திருத்தம்' என்று அச்சாகி இருப்பதே சாட்சி. ஆணை 7, ஆணை 31 இரண்டிலும் நாலைந்து வரி சேர்த்து, வாக்குமூலத்துக்கு ஒரு படிவத்தை இணைத்தால், மதுரை, கோவை, சென்னை மூன்று ஊர் உரிமையியல் நீதிமன்றங்களிலும் ஒரே கேள்வித்தாள் இருக்கும். 213 போன பின் தாக்கலாகும் வழக்குகளில் ஒவ்வொரு நீதிமன்றமும் தனித்தனி வழக்கம் பிடிப்பதற்கு முன், உயர் நீதிமன்றத்தின் விதிக்குழு அந்த வரிகளை எழுதிவிட வேண்டும்.